தடம் விடாத வசதிகள்

நானும் அக்காவும் ஒரே மென்பொருளில்தான் வலைப்பதிவு எழுதுகிறோம். அந்த மென்பொருளை எழுதியவன் நான். பைத்தான் என்ற நிரல்மொழியில் சில நூறு வரிகள். தரவுத்தளம் கிடையாது, லாகின் கிடையாது, உலாவிக்குள் எடிட்டர் கிடையாது. ஒரு ஃபோல்டர் நிறைய உரைக்கோப்புகள், அவ்வளவுதான். கோப்பின் முதல் வரி தலைப்பு, அப்புறம் ஒரு வெற்று வரி, அதற்குக் கீழே பதிவு. நிரல் அவற்றை வாசித்து, உலாவி காட்டும் ஹெச்டிஎம்எல் பக்கங்களையும், புதிய பதிவுகளை வாசகரின் ரீடர் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடையையும் உருவாக்கும்.

அக்கா நிறைய எழுதுகிறவள். கதைகள், படித்த புத்தகங்களைப் பற்றிய குறிப்புகள். நான் எப்போதாவது நிரலாக்கம் பற்றி எழுதுவேன். ஆகவே வசதி கேட்பவள் அவள், கொடுக்கலாமா என்று யோசிப்பவன் நான். இந்த ஏற்பாட்டால் எனக்குப் பெரிய நன்மை. தனக்கு மட்டும் மென்பொருள் எழுதிக்கொள்கிறவருக்கு எது சிரமம் என்பது சீக்கிரமே தெரியாமல் போய்விடும். கை பழகிவிடும், கண்ணும் பழகிவிடும். அக்கா "இது ஏன்டா இப்படி இருக்கு?" என்று கேட்கும்போதுதான் அந்த இடத்தில் ஒரு தடை இருக்கிறது என்பதே எனக்கு உறைக்கும்.

அவள் கேட்ட எதையும் நான் சோம்பலால் மறுத்ததில்லை. ஒவ்வொரு முறையும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்த வசதி, சேமித்து வைத்த பதிவுக்குள் எதை விட்டுவிட்டுப் போகும்? நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மொழியில் புதிதாக எழுதிக்கொள்ளலாம். பதிவை அப்படிச் செய்ய முடியாது. இருபது வருடம் வலைப்பதிவு எழுதியவர் யாரைக் கேட்டாலும், நடுவில் இரண்டு மூன்று மென்பொருள் மாறியிருப்பார். மென்பொருள் போகும், எழுத்து கூடவே வரும். அந்த எழுத்தோடு பழைய மென்பொருளின் பழக்கவழக்கங்களும் ஒட்டிக்கொண்டு வந்தால் அதைச் சுத்தம் செய்வது யார்? எழுதியவர்தான், அதுவும் பதிவு பதிவாக, கையால்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் என்ற பிரபல வலைப்பதிவு மென்பொருள் 2008-இல், 2.5 பதிப்பில், ஷார்ட்கோட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பதிவின் நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் கேலரி என்ற ஒரு சொல்லைப் போட்டால் போதும், பக்கத்தைக் காட்டும்போது அந்த இடத்தில் படவரிசை வந்துவிடும். எழுதுபவருக்கு இதைவிடச் சுலபமாக என்ன இருக்க முடியும்? பின்னால் வந்த பதிப்புகளில், எந்தெந்தப் படங்கள் என்று சொல்லும் எண்களும் அந்த அடைப்புக்குள் சேர்ந்தன. அந்த எண்களுக்கு அந்தத் தளத்தின் தரவுத்தளத்தில் மட்டும்தான் பொருள். பதிவை வெளியே எடுத்துப் போனால் அடைப்புக்குறியும் எண்களும் அப்படியே எழுத்தாக நிற்கும். எந்தப் படம் அங்கே இருந்தது என்று எழுதியவராலேயே சொல்ல முடியாது. கூடுதல் வசதிக்காக வேர்ட்பிரஸில் சேர்த்துக்கொள்ளும் செருகுநிரல்களும் ஆளுக்கொரு ஷார்ட்கோடைக் கொண்டுவந்தன. செருகுநிரலை நீக்கியதும், அதுவரை மறைந்திருந்த அடைப்புக்குறிகள் பழைய பதிவுகளிலெல்லாம் தலைகாட்டும். நான் முன்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு தளத்திலிருந்து என் பதிவுகளை எடுத்து வந்தபோது இதையேதான் பார்த்தேன். சில பதிவுகளில் படங்கள் இருந்த இடத்தில் இன்றைக்கும் வெறும் எண்கள்தான் இருக்கின்றன.

அதே வேர்ட்பிரஸில் இதற்கு நேரெதிரான ஒரு வசதியும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பழைய எடிட்டரில் பத்தி பிரிக்க ஒரு வெற்று வரி விட்டால் போதும். பத்திக்கான ஹெச்டிஎம்எல் குறி தரவுத்தளத்தில் சேராது. பக்கத்தைக் காட்டும்போதுதான் நிரல் வெற்று வரிகளைப் பார்த்துக் குறிகளைப் போடும். இதைப் பலர் திட்டியிருக்கிறார்கள், காரணமும் உண்டு. எழுதுபவர் தானே கொஞ்சம் ஹெச்டிஎம்எல் கலந்து எழுதினால் நிரல் ஊகிக்க ஆரம்பித்து, வேண்டாத இடத்திலெல்லாம் பத்திக் குறியைச் செருகிவிடும். ஆனாலும் அதன் அடிப்படை யோசனை எனக்குப் பிடிக்கும். கோப்பில் மிஞ்சுவது ஒரு வெற்று வரி. எந்த மென்பொருளும் இல்லாமல் ஒரு மனிதர் அதைப் பார்த்தாலும் இங்கே பத்தி மாறுகிறது என்று புரிந்துகொள்வார். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த பிளாக் எடிட்டர் ஒவ்வொரு பத்தியையும் படத்தையும் கமென்ட் வரிகளுக்கு, அதாவது நிரலுக்கு மட்டுமான குறிப்புகளுக்கு, நடுவே வைத்துச் சேமிக்கிறது. உள்ளே திறந்து பார்த்தால் கண் கூசும். இருந்தாலும் உலாவி கமென்ட்டைக் காட்டாது. பத்திக் குறியும் படத்தின் முகவரியும் கோப்பிலேயே இருக்கின்றன. வெளியே எடுத்துப் போனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஷார்ட்கோடோடு ஒப்பிட்டால் எழுத்துக்கு இது எவ்வளவோ மரியாதை கொடுக்கிறது.

ஆக, தடமே விடாத வசதி முதல் தரம். விட்டாலும் மனிதருக்குப் புரிகிற தடமாக விடுவது இரண்டாம் தரம். அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற தடத்தை விடுவதை நான் சேர்ப்பதில்லை.

இனி அக்காவின் வேண்டுகோள்கள்.

முதல் பெரிய சண்டை முகவரியில்தான் வந்தது. என் மென்பொருளில் கோப்பின் பெயர்தான் பதிவின் முகவரி. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், எழுதுபவரே வைக்க வேண்டும். "தலைப்பைத்தான் எழுதிட்டேனே, அதுல இருந்தே எடுத்துக்க வேண்டியதுதானே? எல்லா இடத்துலயும் அப்படித்தான இருக்கு?" என்றாள் அக்கா. கேள்வி நியாயமானதுதான். தமிழில் தலைப்பு வைக்கிறவர்களுக்கு அது எப்படி முடியும் என்பதுதான் சிக்கல். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர், தலைப்பில் லத்தீன் எழுத்தே இல்லையென்றால் பிளாக்-போஸ்ட் என்று ஒரு பொதுப் பெயரை வைத்து, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். தமிழ்ப் பதிவர்கள் பலரின் பழைய முகவரிகள் இப்படித்தான் இருக்கும், பார்த்தால் எந்தப் பதிவு என்றே தெரியாது. வேர்ட்பிரஸ் தமிழை அப்படியே முகவரிக்குள் எடுத்துக்கொள்ளும். ஆனால் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முகவரிக்காக அதைச் சதவீதக் குறி போட்டு எழுதும்போது ஒன்றுக்கு ஒன்பது எழுத்து ஆகிறது. ‘கோ’ என்பது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்தது, ஆகவே பதினெட்டு. வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் 22 குறியீடுகள். சற்று நீளமான தலைப்பு பாதிச் சொல்லில் வெட்டுப்பட்டு நிற்பது இதனால்தான்.

இவையெல்லாம் தீர்க்க முடியாத பிரச்சினைகள் இல்லை. தமிழை லத்தீனில் ஒலிபெயர்க்கும் ஒரு துண்டு நிரலை நான் ஓர் இரவில் எழுதிவிடுவேன். நான் மறுத்ததற்குக் காரணம் வேறு. முகவரி என்பது நம் கையை விட்டு வெளியே போகிற ஒரே பகுதி. பதிவில் பிழை இருந்தால் திருத்தலாம். முகவரி அடுத்தவர் பதிவில் சுட்டியாக இருக்கும், யாரோ ஒருவரின் புக்மார்க்கில் இருக்கும், தேடுபொறியில் இருக்கும். நாம் அங்கேயெல்லாம் போய்த் திருத்த முடியாது. தலைப்பிலிருந்து தானாக முகவரி பிறந்தால், நாளை தலைப்பில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தும்போது முகவரியும் மாற வேண்டுமா, வேண்டாமா? மாறினால் பழைய சுட்டிகள் அறுந்துபோகும். மாறக்கூடாது என்றால் பழைய முகவரியை எங்காவது நினைவில் வைத்திருக்க வேண்டும். ஓடையிலும் இதே தொல்லை. 2005-இல் வந்த ஆட்டம் (Atom) என்ற ஓடை விதிமுறை, ஒவ்வொரு பதிவின் அடையாளமும் என்றைக்கும் மாறக்கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. மாறினால், படித்து முடித்த பதிவு வாசகரின் ரீடரில் புதிய பதிவாக மறுபடி வந்து நிற்கும். என் மென்பொருளில் கோப்பின் பெயர், முகவரி, ஓடையின் அடையாளம் மூன்றும் ஒன்றே. எழுதுபவர் ஒரு முறை தீர்மானிக்கிறார், அதோடு சரி.

இதை முழுக்க விளக்கினேன். "ஒரு பேர் வைக்கிறதுக்கு இவ்வளவா?" என்றாள். ஆனாலும் ஒப்புக்கொண்டாள். இப்போது ஒரே சொல்லில் சுருக்கமாகப் பெயர் வைக்கிறாள், அவை என் முகவரிகளைவிட அழகாக இருக்கின்றன. பதிலுக்கு நான் செய்தது ஒரு சின்ன உதவி: பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வந்துவிட்டால், எந்தக் கோப்பில் என்ன மாற்ற வேண்டும் என்று தெளிவான தமிழில் ஒரு வரி சொல்லும். பிழைச்செய்தியைப் பார்த்துப் பார்த்து எழுதுவதும் எழுதுபவருக்கான வசதிதான். பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

தேதி விஷயம் இதைவிட நுட்பமானது, நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான்.

எளிமையின் உச்சத்துக்கு பிளாசம் என்ற மென்பொருளைச் சொல்வார்கள். ரேல் டோர்ன்ஃபெஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் எழுதியது. பெர்ல் என்ற நிரல்மொழியில் ஒரே ஒரு நிரல், உரைக்கோப்புகளை வைத்து வலைப்பதிவு நடத்தும். பதிவின் தேதி எது? கோப்பைக் கடைசியாக மாற்றிய நேரம். எழுதுபவர் தேதி என்று எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முந்தைய பதிவில் ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தால் அது இன்றைய பதிவாக முதல் இடத்துக்கு வந்துவிடும். கோப்புகளை வேறு கணினிக்கு நகல் எடுக்கும்போது நேரங்கள் மாறிவிட்டால் மொத்த வரிசையும் குலைந்துபோகும். முதலில் வெளியான நேரத்தைத் தனியே குறித்து வைக்க அப்புறம் செருகுநிரல் தேவைப்பட்டது. எனக்கு பிளாசம் மேல் மிகுந்த மதிப்பு உண்டு, என் மென்பொருளின் அமைப்பே அதிலிருந்து கற்றதுதான். ஆனால் அதன் எளிமை நிரலுக்குள் மட்டும் இருந்தது. எழுதுபவர் பழைய பதிவைத் திருத்தவே தயங்கினார் என்றால், எளிமைக்கான விலையை அவர்தான் கொடுத்திருக்கிறார்.

அடுத்து வந்த ஜெக்கில், ஹியூகோ போன்ற தளம் உருவாக்கும் மென்பொருள்கள் தேதியை எழுதுபவரே கோப்பில் எழுதும்படி செய்தன. மேலே சில வரிகளில் தலைப்பு, தேதி, குறிச்சொற்கள் எல்லாம் பெரும்பாலும் யாம்ல் என்ற குறிப்பு வடிவில் இருக்கும். வெளிப்படையான ஏற்பாடு, எனக்குப் பிடிக்கும். ஆனால் யாம்லுக்கென்று இலக்கணம் உண்டு. தலைப்பின் நடுவே ஒரு முக்காற்புள்ளியும் இடைவெளியும் வந்தால், மேற்கோள் குறி போடாதவரை பிழை. கதை எழுதுகிறவர் தலைப்பில் முக்காற்புள்ளி வைப்பார், அது அவர் உரிமை. தேதியோடு நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால் கிரீன்விச் நேரம் என்று எடுத்துக்கொள்ளப்படலாம். கிரீன்விச்சுக்கு முன்னால் இருக்கிற நாடுகளில், காலையில் இந்த நேரம் என்று எழுதி உடனே வெளியிட்டால், அது இன்னும் வராத நேரமாகிவிடும். எதிர்காலப் பதிவுகளை வெளியிடுவதில்லை என்பது அவற்றின் இயல்பான அமைப்பு. பிழையும் காட்டாது, பதிவும் வராது. எழுதியவர் திகைத்துப் போவார்.

நான் முதலில் நினைத்தது, முதல் முறை வெளியாகும்போது நிரலே கோப்பில் தேதி வரியை எழுதிவிடலாம் என்று. ஆனால் அக்கா கைபேசியில்தான் எழுதுகிறாள். அவளுடைய ஃபோல்டரும் சர்வரில் உள்ள ஃபோல்டரும் தானாக ஒத்திசைந்துகொள்ளும். அவள் அந்தப் பக்கம் ஒரு பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கம் நிரல் அதே கோப்பில் தேதியை எழுதினால், ஒத்திசைவு குழம்பிப்போய் இரண்டு பிரதிகளை உருவாக்கும். இரண்டும் தளத்தில் இரண்டு பதிவுகளாக வரும். யோசித்துப் பார்த்தபோது ஒரு விதி பிடிபட்டது: எழுதுபவரின் கோப்பில் நிரல் ஒருபோதும் கை வைக்கக் கூடாது. வாசிக்கலாம், எழுதக் கூடாது.

ஆகவே தேதிகளுக்கென்று தனியாக ஒரு உரைக்கோப்பு. வரிக்கு ஒரு பதிவு: கோப்பின் பெயர், முதலில் வெளியான தேதி, நேரம். புதிய பெயரைப் பார்த்தால் நிரல் கடைசியில் ஒரு வரி சேர்க்கும். அக்கா தேதி என்ற ஒன்றை எழுதுவதே இல்லை, பழைய பதிவுகளை இஷ்டம்போல் திருத்துகிறாள், எதுவும் இடம் மாறுவதில்லை. இதற்கும் விலை உண்டு. பதிவுக்கோப்பை மட்டும் தனியே எடுத்துப் போனால் தேதி கூட வராது. அந்தப் பட்டியலையும் சேர்த்து எடுக்க வேண்டும். இந்த விலை எனக்குச் சம்மதம், ஏனென்றால் அந்தப் பட்டியலை யார் திறந்து பார்த்தாலும் என்னவென்று புரியும்.

முன்னோட்டம் கேட்டபோது யோசிக்கவே இல்லை. தட்டெழுதும் இடத்தில் கண்ணுக்குத் தப்பிய பிழை, பக்கமாகப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும். எழுதுகிற எல்லோருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வரைவு என்று ஒரு உள் ஃபோல்டர் வைத்தேன். அதில் இருக்கும் கோப்புகளுக்கும் பக்கம் உருவாகும், ஆனால் யாரும் ஊகிக்க முடியாத நீண்ட முகவரியில். எங்கிருந்தும் சுட்டி கிடையாது, ஓடையில் வராது, தேடுபொறிகள் சேர்க்கக் கூடாது என்று சொல்லும் குறி உண்டு. அக்கா அதைத் தோழிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறாள். திருப்தி வந்ததும் கோப்பை வெளியே நகர்த்துகிறாள். வரைவுப் பக்கம் அடுத்த முறை தானாகப் போய்விடும். கோப்பில் எந்தத் தடமும் இல்லை. நிரலில் சொற்ப வரிகள்தான் சேர்ந்தன. ஓடையில் தவறிப்போய் ஒரு முறை வெளியானதை வாசகர்களின் ரீடர்களிலிருந்து திரும்ப எடுக்க முடியாது என்பதால், வெளியிடும் முன் பார்த்துக்கொள்ளும் வசதியை நான் ஆடம்பரமாக நினைக்கவில்லை.

குறித்த நேரத்தில் வெளியிடுவதை மட்டும் மறுத்துவிட்டேன். அதற்கு எப்போதும் விழித்திருந்து கடிகாரம் பார்க்கும் ஏதாவது ஒன்று வேண்டும். வேர்ட்பிரஸ் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறது: யாராவது பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நேரம் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளும். வாசகர் வராத தளத்தில் காலை ஆறு மணிப் பதிவு பத்து மணிக்கு முதல் ஆள் வந்த பிறகுதான் வெளியாகும். என் நிரல் கோப்பு மாறும்போது ஓடும், வேலை முடிந்ததும் நின்றுவிடும். சர்வர் பக்கம் கவலைப்பட ஒன்றுமே இல்லை. அந்த நிம்மதியை இதற்காக விட மனமில்லை. அக்காவும் வற்புறுத்தவில்லை, விடியற்காலையில் கோப்பை நகர்த்திவிட்டுப் போகிறாள்.

படங்கள் விஷயத்தில் நான் முழுதாக எழுதுபவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். இன்று என் மென்பொருளில் பாதிக்கும் மேற்பட்ட வரிகள் படத்துக்கானவை. கைபேசியில் எடுத்த படம் பல மெகாபைட் இருக்கும். சிறிதாக்க வேண்டும். கைபேசியைப் படுக்கை வசமாகவோ நிமிர்த்தியோ பிடித்ததைப் படத்துக்குள் ஒரு குறிப்பாக எழுதி வைத்திருப்பார்கள், அதைப் படித்துத் திருப்பாவிட்டால் சில இடங்களில் படம் சாய்ந்து வரும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அதே குறிப்புகளில் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கலாம். வீட்டு ஜன்னலோரம் எடுத்த ஒரு படத்தை அப்படியே ஏற்றினால் வீட்டின் இருப்பிடத்தை உலகத்துக்கே சொன்ன மாதிரி. நிரலை எளிமையாக வைத்திருப்பதற்காக இதையெல்லாம் எழுதுபவர் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தெரிந்தவர்களே மறந்துபோகிற வேலை இது. மூலப்படம் அக்காவின் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். நிரல் அதிலிருந்து குறிப்புகளை நீக்கிய சிறிய பிரதியை உருவாக்கித் தளத்தில் வைக்கும். ஒன்றே ஒன்றுதான் நான் கட்டாயமாக்கியிருக்கிறேன்: படத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதை விவரிக்கும் ஒரு வரி இல்லையென்றால் பதிவு வெளியாகாது. பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அந்த வரியைத்தான் படித்துச் சொல்லும். அக்கா இதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சில சமயம் அந்த ஒரு வரியை அவள் கதையைவிட நன்றாக எழுதிவிடுகிறாள்.

எழுத்தின் வடிவமைப்புக்கு, சாதாரண உரைக்குள் சிறு குறிகள் போட்டு எழுதும் மார்க்டவுன் முறையின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்டபோது அவர் வைத்த நோக்கமே, குறிகளோடு இருக்கும் உரையும் அப்படியே வாசிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதுதான். நான் தேடும் குணமும் அதேதான். ஆனால் மார்க்டவுனைத் தரப்படுத்த 2014-இல் வந்த காமன்மார்க் விதிகளை முழுதாக எடுத்துக்கொண்டால் தமிழில் ஓரிடத்தில் இடிக்கும். ஒரு சொல்லை மேற்கோள் குறியோடு சேர்த்துத் தடித்த எழுத்தாக்க இருபுறமும் இரட்டை உடுக்குறி (**) போட்டு, அதை ஒட்டியே ‘ஐ’, ‘இல்’ போன்ற உருபை எழுதினால், முடிக்கும் உடுக்குறியை அது முடிப்பதாகவே எடுத்துக்கொள்ளாது. முன்னால் நிறுத்தற்குறி, பின்னால் இடைவெளி இல்லாத எழுத்து என்றால் அப்படித்தான் விதி. ஆங்கிலத்தில் இது அபூர்வம், நமக்கு அன்றாடம். ஆகவே என் நிரலில் தொடங்கிய உடுக்குறி அடுத்த உடுக்குறியில் முடியும், வேறு நிபந்தனை இல்லை. ஒரு வசதியை விரும்பினால் அணைத்து வைக்கலாம் என்பது போன்ற தேர்வுகள் கொண்ட அமைப்புப் பக்கம் எதுவும் என் மென்பொருளில் இல்லை. தேர்வு ஒவ்வொன்றும், நான் எடுத்திருக்க வேண்டிய முடிவை எழுதுபவரிடம் தள்ளிவிடுகிறது.

இப்போது மேசையில் இருப்பது அடிக்குறிப்பு. வாசிப்புக் குறிப்புகளுக்கு அது வேண்டும் என்று அக்கா ரொம்ப நாளாகக் கேட்கிறாள். மார்க்டவுன் வகைகள் பலவற்றில் இதற்குத் தனிக் குறி உண்டு, எண்களைத் தானாகப் போட்டுத் தரும். எனக்கு அதில் இரண்டு தயக்கம். முகப்பில் பல பதிவுகள் அடுத்தடுத்து வரும்போது, முதல் அடிக்குறிப்பு என்ற பெயரில் பல இடங்கள் இருந்தால் சுட்டி தப்பான இடத்துக்குப் போகும். இதைப் பதிவின் பெயரையும் சேர்த்துத் தீர்த்துவிடலாம். இன்னொன்றுதான் முக்கியம்: மென்பொருள் இல்லாமல் கோப்பை வாசிப்பவருக்கு அது எப்படி இருக்கும்?

அச்சுப் புத்தகம் எப்படிச் செய்கிறதோ அப்படியே செய்யலாம் என்று தோன்றுகிறது. அடைப்புக்குள் ஓர் எண், பதிவின் கடைசியில் அதே எண்ணில் தொடங்கும் ஒரு பத்தி. இரண்டும் பொருந்தினால் நிரல் அவற்றைச் சுட்டியால் இணைக்கும். பொருந்தவில்லை என்றால் எதையும் தொடாமல் எழுத்தாகவே விட்டுவிடும். குறை என்னவென்றால், நடுவில் புதுக் குறிப்பைச் சேர்த்தால் பின்னால் வரும் எண்களைக் கையால் மாற்ற வேண்டும். இதை அக்காவிடம் சொன்னேன். "நாலு குறிப்புக்கு மேல நான் எங்கடா எழுதுறேன், மாத்திக்கிறேன்" என்றாள். அப்படியானால் சரி. வரைவுப் பக்கத்தில் மட்டும், ஜோடி சேராத எண் ஏதாவது இருந்தால் அதைச் சிவப்பில் காட்டுவதாக வைத்திருக்கிறேன். அந்தப் பகுதியைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.